உலை எத்தனை மணிக்கு? லண்டனிலிருந்து பாரிசுக்கு: தூரமும் நேரமும்

பாரிசிலிருந்து சித்தி போன் செய்கிறார்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு வந்து சேருவியள்? உலை வைக்கவேணும்."

"பத்து மணிக்கு ஃபிளைட், சித்தி. ஒண்டேகால் மணித்தியாலம்தானே! பதினொண்டரைக்கெல்லாம் வந்திடுவம்."

சித்தி பதினொன்றுக்கே சோற்றை வடித்துவிட்டார். லண்டன்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. சோறு ஆறிப்போயிருந்தது. இத்தனைக்கும் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை.

கேள்வியும் பதிலும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடியதுதான் சிக்கல். டிக்கெட்டில் இருப்பது விமானத்தின் நேரம். சித்தி கேட்டது உங்கள் வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு ஆகும் நேரம். இந்த அத்தியாயத்தில் அதை 'வாசல் நேரம்' என்று அழைப்போம். ஐரோப்பாவுக்குள் விமானமா ரயிலா, இந்த விமான நிலையமா அந்த விமான நிலையமா என்று முடிவெடுக்க வாசல் நேரம்தான் அளவுகோல். லண்டன்–பாரிஸ் பாதையை வைத்து அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டால், மற்ற நகரங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தூரம்

லண்டனுக்கும் பாரிசுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் 344, 214, 186 என்று மூன்று எண்கள் கண்ணில் படும். மூன்றும் ஒரே தூரம்தான். 344 கிலோமீட்டர், 214 மைல், 186 கடல் மைல். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. வேகத்தை மைலிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. ஒரே அலகில் நில்லுங்கள்.

இந்த 344 கி.மீ. லண்டனின் நடுப்புள்ளியாகக் கருதப்படும் சாரிங் கிராசிலிருந்து, பிரான்ஸ் தன் சாலைத் தூரங்களை அளக்கத் தொடங்கும் நோத்ர தாம் தேவாலய வாசல்வரை நேர்கோடு போட்டால் வருவது. ஆனால் சாரிங் கிராசில் விமானம் ஏற முடியாது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிசின் ஷார்ல் த கோல் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 348 கி.மீ. லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்விக்கிலிருந்து சுமார் 308 கி.மீ. ரயிலில் போனால் 492 கி.மீ. சாலையில் ஏறக்குறைய 460 கி.மீ.

நேர்கோட்டைவிட ரயில் ஏன் 150 கி.மீ. கூடுதலாக ஓடுகிறது? நேர்கோடு இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து பிரான்சின் தியெப் பக்கமாகக் கடலைக் கடக்கிறது. அங்கே கடல் அகலம். ரயிலுக்காகக் கடலுக்கடியில் சுரங்கம் தோண்டியவர்கள் கடல் குறுகியிருக்கும் இடத்தைத் தேடிக் கிழக்கே போனார்கள். டோவர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் 33 கி.மீ.தான். ஆகவே ரயில் கிழக்கே ஃபோக்ஸ்டன் போய், கடலுக்கடியில் கலே பக்கம் வெளியே வந்து, லீல் நகருக்கருகே தெற்கே திரும்பிப் பாரிசுக்கு வருகிறது.

டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் ஒரு மணிநேரம்

லண்டனில் 10:00 மணிக்குப் புறப்பட்டுப் பாரிசில் 12:20க்கு இறங்கும் டிக்கெட்டைப் பார்த்து, 2 மணி 20 நிமிடப் பயணம் என்று நினைப்பவர்கள் உண்டு. திரும்பும்போது பாரிசில் 13:00க்கு ஏறி லண்டனில் 13:20க்கு இறங்கினால், 20 நிமிடத்தில் பறந்துவிட்டோம் என்று தோன்றும். இரண்டிலும் உண்மையான நேரம் 1 மணி 20 நிமிடம்தான். டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட எப்போதும் ஒரு மணிநேரம் முன்னே ஓடும்.

சூரியனைக் கேட்டால் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளாது. பாரிஸ், கிரீன்விச் கோட்டிலிருந்து இரண்டே கால் பாகை அளவு கிழக்கே இருக்கிறது. சூரியக் கணக்கில் இரு ஊருக்கும் பத்து நிமிட வித்தியாசம்தான். 1940இல் ஜெர்மானியப் படை பாரிசைப் பிடித்தபோது கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். போர் முடிந்தும் பிரான்ஸ் அதே நேரத்தில் தங்கிவிட்டது.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கும். ஒரே கணத்தில் இரண்டும் மாற்றுவதால் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் மாறுவதில்லை. இந்தியாவோடுதான் மாறும். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணிநேரம் பின்னால், கோடையில் நாலரை. பாரிஸ் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை. சென்னைக்குப் போன் செய்பவர்கள் இதைக் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

75 நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஹீத்ரோவிலிருந்து ஷார்ல் த கோலுக்கு டிக்கெட் நேரம் பெரும்பாலும் 75 முதல் 80 நிமிடம். மணிக்கு 700, 800 கி.மீ. ஓடும் ஜெட் விமானத்துக்கு 348 கி.மீ. அரைமணி வேலைதானே? மீதி எங்கே போகிறது? ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தால் தெரியும்.

டிக்கெட்டில் 10:00 என்றால் விமானம் தரையைவிட்டு எழும் நேரம் அல்ல அது. நிறுத்திய இடத்தைவிட்டு நகரும் நேரம். ஒரு சிறு டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ளுகிறது. எஞ்சின் முடுக்கப்படுகிறது. பிறகு ஓடுபாதையை நோக்கி ஊர்வலம். ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டே இரண்டு. உலகின் மிக நெரிசலான நிலையங்களில் ஒன்று அது. முன்னால் ஏழெட்டு விமானங்கள் வால் காட்டி வரிசையில் நிற்கும். பதினைந்து, இருபது நிமிடம் இங்கேயே கரைந்துவிடும்.

மேலே எழுந்ததும் நேராகப் பாரிஸ் பக்கம் திரும்ப முடியாது. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் வகுத்துவைத்த வழியில் வெளியேற வேண்டும். பட்டை கட்டச் சொல்லும் விளக்கு அணைகிறது, பணிப்பெண் தண்ணீர் கொடுக்கிறார், ஜன்னலில் கடற்கரை தெரிகிறது. கடலைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம். கையிலிருக்கும் பிஸ்கட் பொட்டலம் முடியுமுன் விமானம் இறங்கத் தொடங்கிவிடும். ஆகாயத்தில் இருந்தது 45, 50 நிமிடம். இறங்கிய பிறகு மறுபடி தரையில் ஊர்தல். ஷார்ல் த கோலில் நான்கு ஓடுபாதைகள் உண்டு. தூரத்து ஓடுபாதையில் இறங்கினால் பஸ்ஸில் போவதுபோல நெடுநேரம் உருண்டுகொண்டிருப்பீர்கள்.

நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததுமுதல் மறு ஊரில் நிற்கும்வரை உள்ள இந்த மொத்த நேரத்தை விமானக்காரர்கள் 'பிளாக் டைம்' என்கிறார்கள். டிக்கெட்டில் அச்சாவது இதுதான். வழக்கமான நெரிசலுக்கும் சேர்த்துத்தான் நிறுவனங்கள் அதை வகுக்கின்றன. அதனால்தான் 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கேட்விக்கிலிருந்து போனால் 40 கி.மீ. குறைவு. ஆனாலும் டிக்கெட் நேரம் ஏறக்குறைய அதேதான். குறுகிய பயணங்களில் நேரத்தைத் தின்பது தரை, ஆகாயமல்ல.

திரும்பி வரும்போது ஹீத்ரோவுக்கு மேலே விமானம் வட்டமடித்தால் பயப்பட வேண்டாம். நெரிசல் வேளையில் வருகிறவற்றை நகரைச் சுற்றி நான்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வட்டமடிக்கவைத்து, கீழே இருப்பதை ஒவ்வொன்றாக இறக்குவார்கள்.

எந்த விமான நிலையம்?

'லண்டன்' என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் அது லண்டனுக்குள் இருக்கிறது என்று பொருளல்ல. நகர நடுவிலிருந்து ஹீத்ரோ மேற்கே 24 கி.மீ. அளவில். பாடிங்டன் நிலையத்துக்கு ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலில் 15 நிமிடம். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் பாதையில் அரைமணிநேரம், கட்டணம் குறைவு. பிக்கடில்லி சுரங்க ரயிலில் நகர நடுவுக்கு ஒரு மணிநேரம் ஆகும், ஆனால் அதுதான் மலிவு. கேட்விக் தெற்கே 45 கி.மீ., விக்டோரியா நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரைமணி. லூட்டன் வடக்கே 50 கி.மீ. ஸ்டான்ஸ்டெட் வடகிழக்கே 60 கி.மீ., லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு முக்கால் மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

பாரிஸ் பக்கம் ஷார்ல் த கோல் வடகிழக்கே 25 கி.மீ. உள்ளூர்க்காரர்கள் அதை 'ருவாசி' என்பார்கள். ஆர்.இ.ஆர். 'பி' ரயில் கார் து நோர் நிலையத்துக்கு அரைமணி அளவில் கொண்டுவிடும். ஓர்லி தெற்கே 13 கி.மீ. 2024 ஜூனில் 14ஆம் எண் மெட்ரோ ஓர்லிவரை நீண்டபிறகு, நகர நடுவிலுள்ள ஷாத்லேவுக்கு 25 நிமிடம்தான். அதற்குமுன் ஓர்லி வேண்டாம் என்று சொல்லிய பழைய வழிகாட்டி நூல்களை இந்த இடத்தில் நம்பாதீர்கள். தெற்குப் புறநகரில் உறவினர் இருந்தால் ஓர்லியே நல்லது.

மூன்றாவதாக போவே என்று ஒன்று உண்டு. டிக்கெட்டில் 'பாரிஸ் போவே' என்று அழகாக இருக்கும். பாரிசிலிருந்து 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. பேருந்தில் ஒன்றேகால் மணிநேரம். ஐரோப்பாவின் எந்த மூலையிலிருந்து பாரிசுக்கு மலிவு டிக்கெட் கிடைத்தாலும், வாங்குமுன் எந்த நிலையம் என்று பாருங்கள். மிச்சப்பட்ட காசைப் பேருந்தும் பொழுதும் தின்றுவிடும்.

ரயில்: நீண்ட பாதை, குறைந்த நேரம்

லண்டன் செயின்ட் பாங்கிராசிலிருந்து பாரிஸ் கார் து நோருக்கு யூரோஸ்டார் ரயில். மிக வேகமானது 2 மணி 16 நிமிடம், பெரும்பாலானவை 2 மணி 20 நிமிடத்தை ஒட்டி. தரையில் மணிக்கு 300 கி.மீ., சுரங்கத்துக்குள் 160 கி.மீ. சுரங்கத்தின் நீளம் 50.45 கி.மீ. அதில் ஏறக்குறைய 38 கி.மீ. கடலுக்கடியில். உள்ளே இருக்கும் நேரம் இருபது நிமிடம். மீன்கள் தெரியும் என்று குழந்தைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். ஜன்னல் இருண்டிருக்கும், காது லேசாக அடைக்கும், அவ்வளவுதான்.

சுரங்கம் 1994 மே 6இல் திறந்தது. அந்த நவம்பரில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது லண்டன் முனை வாட்டர்லூ நிலையம், பயணம் மூன்று மணிநேரம். பிரான்ஸ் பக்கம் அதிவேகப் பாதை தயாராக இருந்தது. இங்கிலாந்துப் பக்கம் ரயில் பழைய தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களின் பின்னால் ஊர்ந்தது. புதிய பாதை 2003இல் பாதியும் 2007இல் மீதியும் முடிந்து, முனை செயின்ட் பாங்கிராசுக்கு மாறியபிறகுதான் இன்றைய நேரம் வந்தது.

ரயிலில் நம்மவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இது சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறுவதுபோல அல்ல. புறப்பட 30 நிமிடம் முன்பே நுழைவாயில் மூடிவிடும். பிளாட்பாரத்தில் ரயில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். பெட்டிச் சோதனை, பிரிட்டன் தரப்புச் சோதனை, பிரெஞ்சுக் குடிவரவு மூன்றும் லண்டனிலேயே நடக்கும். ஆகவே 75 முதல் 90 நிமிடம் முன்னால் போங்கள். அதற்குப் பலன் பாரிசில் கிடைக்கும். இறங்கினால் வரிசை எதுவும் இல்லை, நேராகத் தெருவுக்கு வந்துவிடலாம். திரும்பும்போது கார் து நோரில் லண்டன் ரயிலுக்கான நுழைவு மாடியில் இருக்கிறது. கீழே பிளாட்பாரத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. பெட்டி 85 செ.மீ. நீளத்துக்குள் இருந்தால் போதும், எடை பார்ப்பதில்லை. தூக்கத் தெம்பிருந்தால் சரி. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று பல விமான நிலையங்களில் உள்ள சட்டமும் இங்கே இல்லை. விமானத்தில் கைப்பையில் வைத்த ஊறுகாய் பாட்டிலும் திரவக் கணக்கில்தான் சேரும். ரயிலில் அது பிழைக்கும். ஆனால் ஒன்று: இறைச்சியும் பால் பொருள்களும் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த வழியிலும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். தயிர்சாதம் கட்டிக்கொண்டால் சோதனைக்குமுன் சாப்பிட்டு முடியுங்கள்.

இரண்டு குடும்பங்கள், இரண்டு கணக்கு

வாசல் நேரம் ஊருக்கு ஊர் மாறுவதல்ல, வாசலுக்கு வாசல் மாறுவது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் குடும்பத்தையும் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் குடும்பத்தையும் எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள், நெரிசல் அதிகமில்லாத சனிக்கிழமைக்கு நான் போட்ட நிதானமான மதிப்பீடு.

முதல் குடும்பம் போவது பாரிசின் லா ஷப்பேல் பகுதிக்கு. தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த அந்தத் தெருக்கள் கார் து நோரிலிருந்து நடந்துபோகும் தூரம்.

ரயிலில்:
வீட்டிலிருந்து செயின்ட் பாங்கிராஸ்: 45 நிமிடம்
சோதனையும் காத்திருப்பும்: 75 நிமிடம்
ரயில்: 140 நிமிடம்
இறங்கி நடந்து வாசல்வரை: 20 நிமிடம்
மொத்தம்: 280 நிமிடம், 4 மணி 40 நிமிடம்

விமானத்தில்:
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோ: 90 நிமிடம்
பெட்டி ஒப்படைப்பு, சோதனை, காத்திருப்பு: 120 நிமிடம்
விமானம்: 80 நிமிடம்
குடிவரவு வரிசை, பெட்டி வரும்வரை: 50 நிமிடம்
ரயிலுக்கு நடந்து, காத்திருந்து, கார் து நோர்வரை: 45 நிமிடம்
நடை: 10 நிமிடம்
மொத்தம்: 395 நிமிடம், 6 மணி 35 நிமிடம்

இவர்களுக்கு விமானம் ஏறக்குறைய இரண்டு மணிநேர நட்டம். டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், ஹீத்ரோ போகும் செலவையும் ருவாசியிலிருந்து நகருக்கு வரும் செலவையும் ஆளுக்கு ஒன்றாகக் கூட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இரண்டாவது குடும்பத்தின் உறவினர் பாரிசின் வடகிழக்குப் புறநகரான லெ பூர்ஜேயில். ருவாசிக்கும் கார் து நோருக்கும் நடுவே அதே 'பி' ரயில் பாதையில் இருக்கிறது அந்த ஊர். ஹவுன்ஸ்லோவோ ஹீத்ரோவின் கொல்லைப்புறம்.

விமானத்தில்:
ஹீத்ரோவுக்கு: 25 நிமிடம்
விமான நிலையத்தில்: 120 நிமிடம்
விமானம்: 80 நிமிடம்
குடிவரவும் பெட்டியும்: 50 நிமிடம்
லெ பூர்ஜேவரை ரயில், காத்திருப்போடு: 35 நிமிடம்
நடை: 10 நிமிடம்
மொத்தம்: 320 நிமிடம், 5 மணி 20 நிமிடம்

ரயிலில்:
செயின்ட் பாங்கிராசுக்கு: 70 நிமிடம்
சோதனையும் காத்திருப்பும்: 75 நிமிடம்
ரயில்: 140 நிமிடம்
நிலையத்தைவிட்டு வெளியே வர: 10 நிமிடம்
'பி' ரயில், காத்திருப்போடு: 25 நிமிடம்
நடை: 10 நிமிடம்
மொத்தம்: 330 நிமிடம், 5 மணி 30 நிமிடம்

பத்து நிமிட வித்தியாசம் ஒரு வித்தியாசமே அல்ல. இவர்கள் டிக்கெட் விலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ருவாசியில் ரயில் ஏறும்போது மட்டும் கவனம். சில ரயில்கள் கார் து நோர்வரை எங்கும் நிற்காமல் ஓடும். அதில் ஏறிவிட்டால் லெ பூர்ஜே ஜன்னலில் பறந்துபோவதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். பிளாட்பாரப் பலகையில் எந்தெந்த நிலையத்துக்கு விளக்கு எரிகிறது என்று பார்த்து ஏறுங்கள்.

கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்கள் விமானக் கணக்கில் அரைமணிநேரம் கழித்துக்கொள்ளலாம். குழந்தை வண்டியோடும் நான்கு பெட்டியோடும் போகிறவர்கள் அதே அரைமணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரவுப் பேருந்து, சொந்தக் கார்

காசு குறைவாகவும் முதுகு பலமாகவும் இருந்தால் பேருந்து. விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து பாரிசின் பெர்சிக்கு எட்டு முதல் பத்து மணிநேரம். இரவு ஏறினால் ஓர் அறை வாடகை மிச்சம் என்பார்கள். நடு இரவில் எல்லையில் எல்லாரையும் எழுப்பி இறக்கி, கடவுச்சீட்டுச் சோதனைக்கு வரிசையில் நிறுத்துவார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள். கடவுச்சீட்டைப் பேருந்தின் வயிற்றில் போகும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

காரில் போனால் ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறி 35 நிமிடத்தில் கலே பக்கம் இறங்கலாம். அல்லது டோவரில் கப்பல், ஒன்றரை மணிநேரம். வாசல் நேரம் ஆறேழு மணிநேரம். ஐந்து பேர் சேர்ந்து போனால் செலவு கட்டுபடியாகும். கலேயில் வெளியே வந்ததும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் ரவுண்டானாவில்தான் பழக்கதோஷம் காலை வாரும்.

எல்லை: ஒரு விசா போதாது

'கையில் பிரிட்டன் விசா இருக்கிறது, பாரிஸ் பக்கத்தில்தானே' என்று கிளம்பி, செயின்ட் பாங்கிராசிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு லண்டனுக்கு ஒரு விசா, பாரிசுக்கு ஷெங்கன் விசா, இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிச் சுற்றிவிட்டு லண்டன் போய், அங்கிருந்து பாரிஸ் வருவது திட்டமானால் ஷெங்கனுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா அதற்கு உதவாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள்.

பிரிட்டன் கடவுச்சீட்டுக்காரருக்குக் குறுகிய பயணத்துக்கு ஷெங்கன் விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களின் விரல்ரேகையையும் முகப்படத்தையும் எல்லையில் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல்முறை பதியும்போது நேரம் கூடும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு லண்டன் வருகிறவர்கள் 2025 ஏப்ரல் முதல் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கு விதிகள் வேறு. தூதரகத்தில் கேட்டுக்கொண்டு டிக்கெட் வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: போக லண்டன், திரும்பப் பாரிஸ் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால் கடலை ஒருமுறை கடந்தால் போதும். ஒரு முழு நாள் மிச்சம்.

தாமதமானால்

விமானம் மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்து, குற்றம் நிறுவனத்துடையதானால் இழப்பீடு கேட்கலாம். 1,500 கி.மீ.க்குட்பட்ட இந்தப் பயணத்துக்குப் பாரிசிலிருந்து புறப்பட்டால் 250 யூரோ, லண்டனிலிருந்து புறப்பட்டால் 220 பவுண்டு. டிக்கெட் 40 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் தொகை இதேதான். மோசமான வானிலை, விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்குக் கிடைக்காது. பிரான்சில் இரண்டாவது அடிக்கடி வரும்.

போய்ச் சேர்ந்த நேரம் என்பது எது? சக்கரம் தரையைத் தொட்ட நேரமா, நின்ற நேரமா? ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வரும் நேரமே வருகை நேரம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சில நிமிடங்களில் பணம் கைநழுவும் வழக்குகளில் இது உதவும். கதவு திறக்கும்போது கைப்பேசியில் மணியைப் படம் எடுத்துவையுங்கள். ரயிலுக்கு ஒரு மணிநேரத் தாமதத்திலிருந்தே டிக்கெட் விலையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

வேறு நகரங்களுக்கு

ஐரோப்பாவுக்குள் எந்த விமானத்துக்கும் டிக்கெட் நேரத்தை நீங்களே மதிப்பிட ஒரு மனக்கணக்கு உண்டு. நேர்கோட்டுத் தூரத்தை 800ஆல் வகுங்கள். வருவது மணிநேரம். அதோடு 40 நிமிடம் கூட்டுங்கள். லண்டன்–ரோம் சுமார் 1,440 கி.மீ. வகுத்தால் 1 மணி 48 நிமிடம், கூட்டினால் 2 மணி 28. டிக்கெட்டில் ஏறக்குறைய இரண்டரை மணி இருக்கும். பாரிஸ்–ரோம் 1,100 கி.மீ., இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடும். ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையமானால் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் விமானத்துக்கு வாசல் நேரத்துக்காக நான்கு மணிநேரமும், அதிவேக ரயிலுக்கு இரண்டரை மணிநேரமும் கூட்டுங்கள். எல்லைச் சோதனை இல்லாத இடத்தில் ரயிலுக்கு ஒரு மணிநேரம் போதும். மட்ரிட்–பார்சலோனா ரயில் இரண்டரை மணிநேரம், பாரிஸ்–லியோன் இரண்டு மணிநேரம். இங்கெல்லாம் விமானம் தோற்கும். பிரான்ஸ் 2023இல், ரயிலில் இரண்டரை மணிநேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டு விமானங்களைச் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது. லண்டன்–பாரிஸ் பன்னாட்டுப் பயணம் என்பதால் அதில் வரவில்லை. ரயில் நேரம் நான்கைத் தாண்டினால் விமானத்தின் கை ஓங்கத் தொடங்கும். லண்டன்–ரோமுக்கு ரயிலை நினைக்கவே வேண்டாம், ஆசைக்குப் போனாலொழிய.

சித்திக்கு என்ன பதில்?

ஹவுன்ஸ்லோ, லெ பூர்ஜே என்ற இரண்டு புறநகர்களை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1919 ஆகஸ்ட் 25ஆம் நாள், நாள்தோறும் பறக்கும் முதல் பன்னாட்டு விமான சேவை இந்த இரண்டு ஊர்களுக்கு இடையேதான் தொடங்கியது. ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்தில் கிளம்பிய சிறு விமானத்தில் ஒரே ஒரு பயணி, கொஞ்சம் சரக்கு, அதில் பாலாடை டப்பாக்களும் உண்டு. அந்தப் பாலாடை இன்று எல்லை தாண்டாது. சுமார் இரண்டரை மணிநேரத்தில் லெ பூர்ஜேயில் இறங்கினார்கள். அவர்கள் விமானம் இன்றைய ஜெட்டின் வேகத்தில் கால் பங்குகூட ஓடாது. நூறாண்டு கழித்து, அதே ஹவுன்ஸ்லோ வாசலிலிருந்து அதே லெ பூர்ஜே வாசலுக்கு நமக்கு ஐந்தே கால் மணிநேரத்துக்கு மேல். ஆகாயத்தில் சேமித்ததைத் தரையில் வரிசைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

போன் இன்னும் காத்திருக்கிறது. பதிலைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஹவுன்ஸ்லோவில் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுகிறீர்கள். வாசல் நேரம் 5 மணி 20 நிமிடம். உங்கள் கைக்கடிகாரத்தில் 1:20. பாரிஸ் கடிகாரத்துக்கு ஒரு மணிநேரம் கூட்டினால் 2:20. சோறு வெந்து வடிய அரைமணிநேரம் கழியுங்கள்.

"பத்துக் குறைய ரெண்டு மணிக்கு உலை வையுங்கோ, சித்தி. எங்கட மணிக்கில்லை, உங்கட மணிக்கு."